நாகர்கோவில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை விண்ணப்பக் கடிதம்: டைப்பிங்கை நம்பலாம், முதல் பத்தியை நம்பாதீர்கள்

நாகர்கோவிலில் வடசேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மீனாட்சிபுரம் பக்கமும், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் சந்திப்புகளிலும் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பத்தோடு ரெசூமும் கவர் லெட்டரும் போட்டுத் தருகிறார்கள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு முயல்கிறவர்கள் அதையே பர்சனல் ஸ்டேட்மென்ட் என்று கேட்டு வாங்குகிறார்கள். இந்த விமர்சனம் அந்தச் சேவையைப் பற்றியது. அதிலும் கடிதத்தின் முதல் பத்தியைப் பற்றித்தான் அதிகம். தனியாக ஒரு கடையைப் பாராட்டவோ குறை சொல்லவோ இல்லை. வேலை நடக்கும் முறை கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை என்பதால் நல்லதும் குறையும் பொதுவானவை. எழுதுகிற நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தரம் பிரிக்கிறவர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிவம் நிரப்ப, போட்டோ சரிசெய்ய, சான்றிதழை ஸ்கேன் பண்ணி ஏற்ற, பக்கத்தை அழகாக அமைக்க இந்தக் கடைகளுக்குத் தாராளமாகப் போகலாம். முதல் பத்தியை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். அதை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போய் அடிக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் நன்றாகச் செய்வது எது என்று முதலில் பார்ப்போம். டி.என்.பி.எஸ்.சி. படிவத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி. என்று அளவு இருக்கிறது. வீட்டில் போனில் உட்கார்ந்து இதைச் சரிக்கட்டப் பார்த்தால் முகம் மங்கிவிடும் அல்லது ஏற்றவே முடியாது. கடையில் சில நிமிஷத்தில் முடித்துத் தருகிறார்கள். பெயர் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால், இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதை அவர்களே கவனித்துச் சொல்கிறார்கள். எத்தனையோ படிவம் நிரப்பிய அனுபவம் அது. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் பர்சனல் ஸ்டேட்மென்ட் எதுவும் தேவையில்லை. அதற்கென்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பக்க அமைப்பு பரவாயில்லை ரகம். பெயருக்குக் கீழே தடித்த கோடு, நீல நிறக் கட்டம், நட்சத்திரப் புள்ளிகள் என்று சேர்த்துவிடுகிறார்கள். பிரிண்டில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இன்று பெரும்பாலான வேலைகளுக்கு அந்த வரிகள் ஒரு இணையப் பெட்டியில்தான் ஒட்டப்படுகின்றன. ஒட்டியவுடன் கட்டம் உடையும், புள்ளிகள் கேள்விக்குறியாகும், வரிகள் பாதியில் முறியும். அதனால் ஸ்டேட்மென்டை எந்த அலங்காரமும் இல்லாமல் வெறும் எழுத்தாக, பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி மட்டும் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். வேர்டிலிருந்து நேராக ஒட்டாமல் நோட்பேடில் ஒருமுறை ஒட்டி அங்கிருந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி முதல் பத்தி. கடையில் நடப்பது இதுதான். முன்பு யாரோ ஒருவருக்கு அடித்த ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைத் திறந்து பெயர், ஊர், படிப்பை மாற்றி, மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வரிசையில் பின்னால் ஜெராக்ஸுக்கு நாலு பேர் நிற்கிறார்கள், வாங்குகிற காசு டைப்பிங்குக்குத்தான். உங்கள் வேலை அனுபவத்தை உட்கார்ந்து கேட்டு எழுதுவது அந்தக் கூலிக்குள் அடங்காது. ஆனால் அதன் விளைவு எங்கள் மேசைக்கு வரும்போது இப்படி இருக்கிறது: 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடக்கம். மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. சவாலான பணியில் சேர்ந்து என் திறமையை நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுத்த விரும்புகிறேன் என்று இன்னொரு வரி. ஹார்ட் வொர்க்கிங், சின்சியர், டீம் பிளேயர் என்று மூன்று சொல். எளிய குடும்பத்தில் பிறந்து சிறு வயது முதலே சேவை மனப்பான்மை உள்ளவர் என்று முடிவு. இத்தனை படித்தும் அவர் நர்ஸா, ஃபிட்டரா, கணக்கு வாத்தியாரா என்று தெரியாது.

பழைய ஃபைலை மாற்றுவதால் வரும் ஆபத்து இன்னும் மோசமானது. பெண்ணின் விண்ணப்பத்தில் 'ஹி' என்று இருக்கும். கடைசி வரியில் வேறொரு ஆஸ்பத்திரியின் பெயர் அப்படியே நிற்கும். குழந்தைகள் வார்டு வேலைக்குப் போட்ட கடிதத்தில் ஆபரேஷன் தியேட்டரில் ஆர்வம் என்று வரும். இதைப் பார்த்தவுடன் படிக்கிறவருக்கு ஒன்று உறுதியாகிவிடுகிறது: இவர் தன் கடிதத்தைத் தானே ஒருமுறைகூடப் படிக்கவில்லை. மருந்து அளவைப் படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய வேலைக்கு அது பெரிய குறை.

விண்ணப்பத்தைப் பெறுகிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் பத்தி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். தரும் வேலை விளம்பரங்களோடு 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒரு தாள் இணைந்திருக்கும். அதில் தேவைகள் 'எசென்ஷியல்' (கட்டாயம்), 'டிசைரபிள்' (இருந்தால் நல்லது) என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விண்ணப்பப் படிவத்தில் 'சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பெட்டியில் நீங்கள் எழுதுவதை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். கட்டாயத் தேவை ஒன்றுக்கு எழுத்தில் சான்று கிடைக்காவிட்டால் நேர்முகத்துக்கு அழைப்பு வராது. நீங்கள் அந்த வேலையை நாலு வருஷம் செய்திருக்கலாம், ஆனாலும் எழுதாதது கணக்கில் வராது. வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் இன்னும் வேகம். லைசென்ஸ் தேர்வு முடிந்ததா, டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு வந்ததா, எந்த வார்டில் எத்தனை வருஷம், எப்போது கிளம்ப முடியும் என்று கண் தேடும். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகத்தில் எந்தப் பாடம், எந்தத் தகுதி, எந்த வகுப்பு வரை எடுத்த அனுபவம் என்று பார்ப்பார்கள். எந்த இடமானாலும் முதல் நாலைந்து வரியில் இதற்கு விடை இருந்தால் மீதியைப் பொறுமையாகப் படிப்பார்கள்.

ஆகவே முதல் பத்தியில் இருக்க வேண்டியவை என்னவென்றால்: எந்த வேலைக்கு விண்ணப்பம் என்பதும் விளம்பர எண்ணும், இப்போது நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள், எத்தனை வருஷம், எப்படிப்பட்ட இடத்தில், விளம்பரத்தில் முதலில் கேட்ட தேவைக்கு உங்கள் வேலையிலிருந்து ஒரு சான்று. பதிவு, லைசென்ஸ் இருந்தால் அதுவும். இவ்வளவையும் ஆங்கிலத்தில் 60 முதல் 90 சொல்லுக்குள் அடக்கலாம். பெட்டி 250 சொல்தான் என்றால் 40 சொல்லில் நிறுத்துங்கள். பெட்டிகள் பலவற்றில் கணக்கு எழுத்து எண்ணிக்கையில் இருக்கும், இடைவெளியும் அதில் சேரும். எல்லை தாண்டினால் சில தளங்கள் எச்சரிக்கும், சில தளங்கள் சத்தமில்லாமல் கடைசி வரியை வெட்டிவிடும். ஒட்டியபின் பெட்டியின் கடைசி வரி வரை இறங்கிப் பாருங்கள்.

ஒரு நர்ஸின் தொடக்கம் தமிழில் எப்படி அமையலாம் என்று காட்டுகிறோம். ஆங்கிலத்தில் போகும்போதும் இதே வரிசை இருக்கட்டும்:

"மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்ற பி.எஸ்சி. நர்ஸ். நான்கு ஆண்டுகளாக 12 படுக்கை கொண்ட மெடிக்கல் ஐ.சி.யூ.வில் பணிபுரிகிறேன். ஒரு ஷிஃப்டில் இரண்டு நோயாளிகள் என் பொறுப்பு. நோயாளியின் நிலை மோசமாவதைச் சீக்கிரம் கண்டறிவதை விளம்பரத்தில் முதல் தேவையாகக் கேட்டிருக்கிறீர்கள். மணிக்கு ஒருமுறை வைட்டல்ஸ் பதிந்து, மாற்றம் தெரிந்தால் எஸ்.பி.ஏ.ஆர். முறையில் டூட்டி டாக்டருக்குத் தெரிவிப்பது என் அன்றாட வேலை. என்.எம்.சி.யின் கணினித் தேர்வில் தேறியுள்ளேன்."

இதில் பெருமை எதுவும் இல்லை, எல்லாம் சரிபார்க்கக்கூடிய விஷயம். 12 படுக்கை, இரண்டு நோயாளிகள், மணிக்கு ஒருமுறை என்று வரும் எண்கள்தான் படிக்கிறவருக்கு அந்த வார்டைக் கண்முன் காட்டுகின்றன. 'கிரிட்டிக்கல் கேரில் விரிந்த அனுபவம்' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். எஸ்.பி.ஏ.ஆர். என்றால் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் தகவல் சொல்லும் முறை, இங்கும் நர்சிங் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். என்.எம்.சி. என்பது பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் நோயாளியின் நிலையை மதிப்பிட நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறை பயன்படுகிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அது இல்லையென்றால் பயன்படுத்தியதாக எழுதிவிடாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாக வந்தால் பதில் சொல்ல முடியாது. எங்கள் யூனிட்டில் இந்தச் சார்ட் இருக்கிறது, நியூஸ்-2 பற்றிப் படித்திருக்கிறேன் என்று எழுதினால் போதும், அதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கணக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான். நம் மாவட்டத்தில் அண்டியாபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலைகளில் கணக்கு எழுதிய பி.காம். பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு 'அக்கவுண்டிங்கில் நல்ல அறிவு' என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது: எந்த வகை நிறுவனம், எத்தனை தொழிலாளர்களுக்குக் கூலிப் பட்டியல் போட்டீர்கள், டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் எந்த என்ட்ரிகள், மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களான ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ஆம் தேதிக்குள்ளும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போக உங்கள் பங்கு என்ன, இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரியின் வரவு) ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையோடு ஒத்துப் பார்த்தீர்களா. ஆடிட்டர் ஆபீஸில் ஆள் எடுப்பவர் இந்த ஒரு வரியைப் படித்தால் நாளைக்கே எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று தெரிந்துகொள்வார். ரிட்டர்னை நீங்களே தாக்கல் செய்தீர்களா, விவரம் தயார் செய்து ஆடிட்டருக்கு அனுப்பினீர்களா என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் நல்ல வேலைதான். கலந்து எழுதினால்தான் சந்தேகம் வரும்.

கப்பல் வேலைக்குக் குளச்சல், தேங்காப்பட்டணம் கரையோர ஊர்களிலிருந்து போகிறவர்கள் கடையில் மாட்டிக்கொள்வது அதிகம், ஏனென்றால் டைப் அடிப்பவருக்கு அந்தத் தொழிலின் சொற்கள் பழக்கமில்லை. முதல் வரியில் ரேங்க், அடுத்து கடைசியாக ஏறிய கப்பலின் வகையும் டன்னேஜும், எத்தனை மாத கான்ட்ராக்ட், சைன் ஆஃப் ஆகிக் கப்பலிலிருந்து இறங்கிய தேதி. அதன்பின் கப்பல் பணியாளர் பதிவுப் புத்தகமான சி.டி.சி. எதுவரை செல்லும், கப்பல் பணிக்கான சர்வதேசத் தரமான எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பயிற்சிகள் முடிந்ததா, எப்போது ஏறத் தயார். இதற்கு மேல் முதல் பத்தியில் ஒன்றும் வேண்டாம். ஆயில் டேங்கரில் போனவர் பல்க் கேரியர் என்று தவறாக அடிக்கப்பட்ட ஃபைலை அனுப்பினால், டேங்கருக்கு ஆள் தேடும் கம்பெனி அவரை ஒதுக்கிவிடும். இந்தச் சொற்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.

அனுபவமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் கடைகளில் மிக மோசமான பதில் கிடைக்கிறது. 'ஃப்ரெஷரா? அப்ப அப்ஜெக்டிவ் போட்டுருவோம்' என்பார்கள். அந்த அப்ஜெக்டிவ் வரி யாருக்கும் பயன்படாது. பி.எட். முடித்தவர் என்றால் பயிற்சிக் காலத்தில் எந்த மாதிரிப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை வாரம், எந்தப் பாடப்பகுதி எடுத்தார் என்பதில் தொடங்கலாம். 'எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்தேன், வகுப்பில் 38 மாணவர்கள், வாரம் ஒரு சிறு தேர்வு வைத்துப் பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனியாகப் பயிற்சி கொடுத்தேன்' என்பது ஒரு பள்ளித் தாளாளருக்கு உடனே விளங்கும். எண் உங்களுடையதாக இருக்க வேண்டும், இதைப் பார்த்து அப்படியே எழுதிவிடக் கூடாது. இன்ஜினியரிங் முடித்தவர் தன் புராஜெக்டில் தான் செய்த பங்கைச் சொல்லலாம். நாலு பேர் சேர்ந்து செய்ததில் சர்க்யூட் போர்டு யார் செய்தார், புரோகிராம் யார் எழுதினார் என்று பிரிக்காமல் 'நாங்கள் செய்தோம்' என்று விட்டால் உங்கள் பங்கு காணாமல் போகும். அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கணக்கும் ஷீட் விற்ற கணக்கும் மூன்று வருஷம் எழுதியவருக்கு அதுவும் அனுபவம்தான், கணக்கு அல்லது ஸ்டோர் வேலைக்குப் போகும்போது அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

குடும்பக் கதையை எங்கே வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். குலசேகரத்தில் பிறந்தேன், அப்பா பால்வெட்டுத் தொழிலாளி, கஷ்டப்பட்டுப் படித்தேன் என்பதெல்லாம் உண்மை, மதிப்புக்குரியது. ஆனால் முதல் பத்தியில் அதற்கு இடமில்லை. படிக்கிறவர் அதற்கு மதிப்பெண் போட அவர் கையில் இருக்கும் தாளில் வரியே கிடையாது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் அது முதலிலேயே வரலாம், அங்கே குடும்ப நிலைமை தகுதியின் ஒரு பகுதி. வேலை விண்ணப்பத்தில் வேண்டுமானால் கடைசிப் பத்தியில் ஒரு வரி.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை அதிகமில்லை. விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து, கட்டாயத் தேவைகளைப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். முதல் இரண்டு தேவைக்கும் எதிரே உங்கள் வேலையிலிருந்து ஒரு சம்பவமோ ஒரு எண்ணோ தமிழிலேயே குறியுங்கள். ஒரு அரைத்தாளில் முதல் பத்தியைத் தமிழிலோ தெரிந்த ஆங்கிலத்திலோ எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, கடைக்காரரோ தெரிந்த டீச்சரோ இலக்கணத்தைச் சரிசெய்துவிடுவார்கள். விஷயத்தை அவர்களால் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது.

கடையில் உட்கார்ந்ததும் "அக்கா, பழைய ஃபைல் வேண்டாம், புதுசா ஒண்ணு திறந்து நான் சொல்றதை அப்படியே அடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் நின்று பார்க்காமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அடித்து முடித்ததும் ஒரு பிரதி எடுத்து வெளியே வந்து வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள். பெயர், தேதி, பதிவு எண், ஆஸ்பத்திரி அல்லது பள்ளிப் பெயர் இந்த நான்கையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். திருத்தத்துக்குத் தனிக் காசு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் கடைசியில் மனக்கசப்பு இருக்காது. பக்கக் கணக்கில் வாங்கும் கடையில் திருத்தமும் பிரிண்டும் தனித்தனியாக ஏறும்.

தமிழில் விண்ணப்பம் கேட்கும் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் எழுதுகிறவர்கள் எழுத்துருவைக் கவனிக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. அதில் அடித்ததைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் குறையே தெரியாது. மெயிலில் ஒட்டினால் பெறுகிறவரின் திரையில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பி.டி.எஃப். ஆக்கி மட்டும் அனுப்புங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் கடைகள் அலட்சியமாக இருக்கின்றன, இதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் பாஸ்போர்ட் நகல், மார்க் ஷீட், ஆதார் எல்லாம் அந்த டெஸ்க்டாப்பில் கிடக்கும். வேலை முடிந்ததும் ஃபோல்டரை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மெயிலிலிருந்து வெளியேறியதை உறுதிசெய்யுங்கள். விண்ணப்பத்தைக் கடைக்காரரின் மெயில் ஐ.டி.யில் பதிவு செய்ய ஒருபோதும் விடாதீர்கள், நேர்முக அழைப்பு அங்கே போய்க் கிடக்கும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

வெளிநாட்டு வேலை ஏஜென்சிகள் 'ஸ்டேட்மென்டும் நாங்களே எழுதித் தருவோம்' என்று பேக்கேஜாகக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஆங்கிலம் கடையைவிட நன்றாக இருக்கும். பிரச்சினை என்னவென்றால் ஒரே ஆஸ்பத்திரிக்கு ஒரே ஏஜென்சி வழியாகப் போகும் பலருக்கும் அதே பத்திதான் போகிறது. இரண்டாவது விண்ணப்பத்தில் அதே வரியைப் பார்த்தவுடன் படிக்கிறவர் இரண்டையும் சந்தேகப்படுவார். அவர்கள் கொடுத்த முதல் பத்தியை எடுத்துவிட்டு உங்களுடையதை வையுங்கள், மற்றதை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். காசு விஷயமும் தெரிந்திருக்கட்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி வேலை வாங்கித் தருவதற்கு விண்ணப்பதாரரிடம் ஏஜென்சி காசு வாங்கவே கூடாது. சென்னையில் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போனிலேயே சாட்ஜிபிடி, ஜெமினி வைத்து எழுதுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கடையின் பழைய ஃபைலைவிட இது மேல். தமிழில் பேசி ஆங்கிலமாக்க நன்றாகவே உதவுகிறது. ஆனால் 'நர்ஸ் வேலைக்கு ஸ்டேட்மென்ட் எழுது' என்று மட்டும் கேட்டால் உணர்ச்சி பொங்கும் மூன்று வரியும் நீங்கள் செய்யாத சாதனையும் வரும். தொற்றை 30 சதவீதம் குறைத்தேன் என்றெல்லாம் அது தானாக எழுதும். அது பொய், உங்கள் பெயரில் போகும் பொய். நீங்கள் எழுதிய அரைத்தாளை முழுவதும் கொடுத்து, 'புதிதாக எதுவும் சேர்க்காதே, எண்களை மாற்றாதே, 80 சொல்லுக்குள் எளிய ஆங்கிலத்தில் திருத்து' என்று சொல்லுங்கள். வந்ததில் உங்கள் தாளில் இல்லாத ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிடுங்கள். சில படிவங்களில் ஏ.ஐ. பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியே இருக்கிறது, இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

எங்கள் மதிப்பெண்: படிவம் நிரப்புவதற்கு ஐந்துக்கு நாலரை. பக்க அமைப்புக்கு மூன்று. கடைக்காரரே எழுதும் முதல் பத்திக்கு ஒன்று. நீங்கள் எழுதிக் கொடுத்து அவர் அடிக்கும் முதல் பத்திக்கு நாலு, அந்த மீதி ஒன்று எழுத்துப் பிழைக்காக. விலையைப் பொறுத்தவரை டைப்பிங்குக்கு வாங்குவது நியாயமான கூலி. 'கன்டென்ட் ரைட்டிங்' என்று தனியாக ஒரு தொகை கேட்டால், அதற்கு உட்கார்ந்து உங்களிடம் கேள்வி கேட்டு எழுதுவார்களா என்று விசாரியுங்கள். கேள்வி கேட்காமல் எழுதுவதற்குத் தனிக் காசு தேவையில்லை.

போக வேண்டிய நேரம் காலையில் கடை திறந்தவுடன். மாலையில் டியூஷன் பிள்ளைகளின் பிரிண்ட் கூட்டம், தேர்வுக் கட்டணக் கடைசி நாளென்றால் உட்காரவே இடம் கிடைக்காது. என்.ஹெச்.எஸ். விளம்பரம் விண்ணப்பங்கள் நிறைய வந்துவிட்டால் அறிவித்த தேதிக்கு முன்பே மூடப்படலாம் என்பதால் கடைசி நாளை நம்பாதீர்கள். அங்கே இரவு 11.59 வரை என்று போட்டிருந்தால் நம் நேரத்துக்குக் கோடையில் விடியற்காலை 4.29, குளிர்காலத்தில் 5.29. அந்த நேரத்தில் வடசேரியில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முதல் பத்தியும் பி.டி.எஃப்.பும் உங்கள் மெயிலில் இருந்தால் வீட்டிலிருந்தே போனில் ஏற்றிவிடலாம்.